எந்தப் பிரிவு என்பது வேறு, எவ்வளவு பற்று என்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகப் போவதையொட்டி வெளிவரும் கட்டுரைகள் பலவும், ஒருவர் எந்தப் பிரிவில் பிறந்தவர் என்று தெரிந்துவிட்டாலே அப்பிரிவின் மீது அவருக்குள்ள பற்றும் தெரிந்துவிட்டதாகக் கொள்கின்றன. படிவம் காட்டுவது முதலாவதை மட்டுமே. இரண்டாவதை அறியத் தனியாகக் கேட்க வேண்டும்.

தமிழ் பேசும் புதுச்சேரி, காரைக்காலோடு மலையாள மாஹேயும் தெலுங்கு ஏனாமும் ஒரே ஆட்சிப் பகுதியாக உள்ள இங்கு, 1962இல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் வாழ்கின்றன. பாகூரில் குடியிருந்து கடலூரில் கடை நடத்துபவரிடம் 'நீங்கள் புதுச்சேரிக்காரரா, தமிழரா?' என்று கேட்டால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒருவர் தம்மை நாட்டோடும் வட்டாரத்தோடும் எப்படி அடையாளப்படுத்துகிறார் என்று அறிய ஸ்பெயினில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் லின்ஸ்-மொரேனோ கேள்வி இதைவிட மேல். 'ஸ்பானியர் மட்டும்' என்பதில் தொடங்கி 'கத்தலோனியர் மட்டும்' (கத்தலோனியா ஸ்பெயினின் ஒரு வட்டாரம்) என்பது வரை ஐந்து விடைகளை அது தருகிறது. ஆனால் நடுவிலுள்ள 'இரண்டும் சமம்' என்ற விடையில் ஒரு சிக்கல் உண்டு: இரண்டின் மீதும் உயிரையே வைத்திருப்பவரும், இரண்டையும் சட்டை செய்யாதவரும் அதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே ஊர், மொழி, சாதி, சமயம், தொழில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, 1 முதல் 7 வரையிலான அளவில் கேட்பதே முறை. ஒரு குழுவின் மீதான பற்றை அளக்க ஒரு வாக்கியம் போதும் என்று உளவியல் ஆய்வாளர்கள் போஸ்ட்மஸ், ஹாஸ்லம், யான்ஸ் ஆகியோர் 2013இல் காட்டியுள்ளனர். எண்ணில் பதில் சொல்லத் தயங்குவோருக்கு வட்டங்களைக் காட்டலாம்: 'நான்' என்றொரு வட்டம், 'என் ஊர்' என்று மற்றொன்று, விலகி நிற்பதிலிருந்து பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிவது வரை ஏழு படங்கள். நெருங்கிய உறவுகளை அளக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழுவினர் 1992இல் வகுத்த இம்முறை, பின்னர் குழுக்களுக்கும் பொருத்தப்பட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யோசிக்காமல் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

கேட்பவர் யார், எப்போது கேட்கிறார் என்பதும் விடையை மாற்றும். பக்கத்து வீட்டார் நிற்கையில் சாதியைப் பற்றி யாரும் மனம் திறக்க மாட்டார்கள். நவம்பர் 1 விடுதலை நாளையொட்டிய வாரத்தில் கேட்டால் புதுச்சேரிப் பற்று கூடித் தெரியக்கூடும்; தேர்தல் நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே 'இத்தனை சதவீதத்தினர் தங்களை முதலில் இன்னாராகக் கருதுகின்றனர்' என்ற செய்தியைத் தாங்கள் வெளியிடும்போதெல்லாம், கேட்கப்பட்ட கேள்வியையும் தரப்பட்ட விடைகளையும் கேட்ட மாதத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாகூர், புதுச்சேரி.