பெர்ரி வீதி மூலையில் இருக்கும் மண்டபம்

மொன்றியல்

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகமும் அண்ணி, பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். சனசமூக நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்பக் காசு சேர்க்கிறதாகவும், காணி உறுதியை ஆர் பேரில் முடிக்கிறது என்று நிருவாகத்துக்குள் இழுபறி என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் எனக்கு இங்குள்ள இத்தாலியரின் மண்டபம்தான் நினைவில் வந்தது. விபரமாய் எழுதுகிறேன், விரும்பினால் கூட்டத்திலும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் சனம் கடை வைத்திருக்கிற பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்திலிருந்து ஜோன் தலோன் வீதியால் கிழக்கே போனால், மெட்ரோ நிலையத்தடியில், பெர்ரி வீதி மூலையில் அது இருக்கிறது. பேர் காசா டி இத்தாலியா, அதாவது இத்தாலியின் வீடு. கட்டினது 1936இல். பட்சி கொலாஞ்சலோ என்ற கட்டடக் கலைஞர் ஆர்ட் டெக்கோ பாணியில் வரைந்து கொடுத்தார். காணியை நகரசபை கொடுத்தது. மிச்சமெல்லாம் சனத்தின் காசு. உலகமெல்லாம் வேலையில்லாமல் தவித்த காலம் அது. கல் உடைத்து, தண்டவாளம் போட்டு, கட்டட வேலை செய்து பிழைத்தவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம்.

வினை எங்கே புகுந்தது என்றால், அந்த நேரம் இத்தாலியில் முசோலினியின் ஆட்சி. வெளிநாட்டில் இருக்கிற இத்தாலியரைத் தன் கைக்குள் வைத்திருக்க அவருடைய அரசு தூதரகங்கள் வழியாக வேலை செய்தது. அவருடைய பாசிசக் கட்சியின் கிளைக்கு ஃபாஷ்யோ என்று பேர். வேலை முடிந்து வருகிறவர்கள் கூடிப் பொழுது போக்கும் சங்கத்துக்கு தோப்போலவோரோ என்று பேர். பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி வகுப்பும் இருந்தது, பாடப் புத்தகம் ரோமாபுரியிலிருந்து வந்தது. மொழி படிக்க அனுப்பின தாய்க்கு அது அரசியலாகத் தெரிந்திருக்காது. எத்தியோப்பியப் போருக்காகக் கலியாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, பதிலுக்கு உருக்கு மோதிரம் போட்டுக்கொண்ட பெண்கள் இங்கேயும் இருந்தார்கள். எல்லோரும் ஒத்துப் போனார்கள் என்றும் நினைக்காதேங்கோ. இத்தாலிய மைந்தர் சங்கம் என்ற பெரிய அமைப்பு இந்த விடயத்திலேயே 1926இல் இரண்டாய் உடைந்தது. முசோலினி வேண்டாம் என்றவர்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். ஆனால் புது மண்டபத்துக்குள் கட்சிக்காரருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

1940 ஜூன் 10ஆம் திகதி முசோலினி பிரித்தானியா மீதும் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தார். அன்றைக்கே, பிரித்தானியாவின் பக்கம் நின்ற கனடாவின் பிரதமர் மக்கென்சி கிங் இங்கிருந்த இத்தாலியரில் பலரைக் கைது செய்யக் கட்டளையிட்டார். மத்திய பொலிஸ் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தது. பிறகு எல்லாம் படிப்படியாக நடந்தது. ஃபாஷ்யோவும் தோப்போலவோரோவும் தடை செய்யப்பட்டன. தடைபட்ட அமைப்பின் சொத்து எதிரிச் சொத்துப் பொறுப்பாளர் என்ற அரச அதிகாரியின் கைக்குப் போகும். காசா டி இத்தாலியாவையும் அரசு எடுத்து இராணுவத்துக்குக் கொடுத்தது. ரொறன்ரோவில் பெவர்லி வீதியில் இதே பேரில் இருந்த மாளிகை பொலிஸ் அலுவலகமாக மாறியது. மண்டபத்துக்குக் காசு கொடுத்த மேசனிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஆட்களுக்கு நடந்தது இன்னும் மோசம். ஏறக்குறைய 31,000 பேரை எதிரி நாட்டவர் என்று பதிந்தார்கள். கைரேகை கொடுக்க வேண்டும், அட்டையோடு திரிய வேண்டும், மாதம் ஒருக்கால் போய் முகம் காட்ட வேண்டும். 600 பேருக்குக் கொஞ்சம் கூடின ஆண்களை முகாமில் அடைத்தார்கள், நாலு பெண்களைச் சிறையில் போட்டார்கள். முகாமுக்குப் போன பலர் ஒன்ராறியோவின் காட்டுப் பக்கம் இருக்கிற பெட்டவாவாவில் கிடந்தார்கள். அங்கே கொடுத்த சட்டையின் முதுகில் பெரிய சிவப்பு வட்டம். ஓடினால் காவல்காரன் குறி பார்க்க அது. ஒருவரையும் நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றவாளி என்று காட்டவில்லை. போருக்காக நாட்டில் இருந்த எல்லா ஆட்களையும் அரசு பதிந்த நாட்டுப் பதிவை மொன்றியல் மேயர் கமிலியன் ஹூட் எதிர்த்துப் பேசினதற்காக, அவரையும் அதே முகாமில்தான் வைத்தார்கள். நாலு வருஷம் கழித்து வெளியே வந்தவரைச் சனம் திரும்பவும் மேயராக்கியது.

மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் மடோனா டெல்லா டிஃபேசா என்ற மாதா கோயில் இருக்கிறது. பீடத்துக்கு மேலே வளைந்த சுவரில் குயிதோ நின்கேரி தீட்டின பெரிய ஓவியம். ஈரச் சுண்ணாம்பு காய முதல் நிறம் தீட்டுகிற முறையில் செய்தது. 1929இல் பாப்பரசரும் இத்தாலிய அரசும் செய்த ஒப்பந்தத்தை நினைவுகூர, குதிரையில் இருக்கிற முசோலினியையும் அதில் வரையச் சொன்னார்கள். அதுக்காகவே ஓவியரையும் பெட்டவாவாவுக்குக் கொண்டு போனார்கள். முதலில் வரைந்த மாதிரிப் படங்களில் முசோலினி இல்லை, பிறகு சொல்லித்தான் சேர்த்தது என்று மனைவி அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று மாதத்தால் விட்டார்கள். அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்தது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு பாருங்கோ! போர் முடியும் வரை ஓவியத்தை மூடி வைத்தார்கள். இப்ப திறந்துதான் இருக்கிறது, குதிரையும் ஆளும் அப்படியே.

மண்டபம் போருக்குப் பிறகு சமூகத்திடம் திரும்பி வந்தது. இன்றைக்கும் அது அவர்களுடைய நிலையம்தான். மன்னிப்புக்குத்தான் கனகாலம் எடுத்தது. 1990இல் பிரதமர் மல்ரோனி ஒரு விருந்தில் வைத்துச் சொன்னார். பாராளுமன்றத்திலேயே முறைப்படி அப்போது பிரதமராயிருந்த ட்ரூடோ கேட்டது 2021 மே 27ஆம் திகதி. முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன்னமே கண்ணை மூடிவிட்டார்கள்.

உறுதி விடயத்துக்கு வருகிறேன். ஆர் பேரில் எழுதுகிறது என்கிற கேள்வியை விட, உள்ளே ஆர் ஆர் மேசை போட்டு இருக்கப் போகிறார்கள் என்கிற கேள்விதான் பெரிசு என்று நான் நினைக்கிறேன். நிலையத்தின் விதிகளை எழுதுகிற யாப்பில் அதை முதலே எழுதிப் போடுங்கோ. காசு தந்தவர்களின் பேர், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் எல்லாவற்றையும் இரண்டு கொப்பியில் பதிந்து, ஒன்றை நிலையத்துக்கு வெளியே ஒரு வீட்டில் வையுங்கோ. எங்கள் பங்கை அடுத்த மாதம் அனுப்புகிறேன். யாப்பின் நகல் ஒன்று எனக்கும் வேண்டும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

இப்படிக்கு,
அன்புத் தம்பி