ஸ்போர்ட்ஸ் கார் வரைகிறவர்களுக்குப் புதுச்சேரி டிங்கர் ஒருவரின் திறந்த மடல்

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உருவம் வரைகிறவர்களுக்கும், அந்த உருவத்துக்கு விலை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். புதுச்சேரியில் வில்லியனூர் சாலையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். நாற்பத்தோரு வருடமாக, இடித்துக்கொண்டு வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவதுதான் பிழைப்பு. உங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் வரைந்த கோடு நசுங்கினால் எப்படி இருக்கும் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மடலுக்குக் காரணம் ஒரு பம்பர். போன தை மாதம், பொங்கல் கூட்டம் முடிந்த வாரம், சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் காலாப்பட்டு பக்கம் வேகத்தடையில் மூக்கைத் தேய்த்துவிட்டது. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்கிறது. (கட்சி இல்லை, சாலைக்கு அளவு வகுக்கும் அமைப்பு.) எங்கள் பக்கத்தில் வேகத்தடை என்பது ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பது, அளவுகோல் வைத்து யாரும் போடுவதில்லை. உங்கள் வண்டிக்கோ அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் 12 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. பம்பரின் கீழ் உதட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. பிளாஸ்டிக் வெல்டிங், பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடிகிற வேலை.

வண்டிக்காரர் முதலில் ஷோரூமில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். முழு பம்பரையும் மாற்றணுமாம், 4 லட்சத்துச் சொச்சம் ஆகுமாம். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "சேஃப்டி ரெகுலேஷன் சார், நாங்க என்ன பண்றது" என்று பதில் வந்திருக்கிறது. இதே பதிலை இப்போது எதற்கெடுத்தாலும் கேட்கிறேன். கார் ஏன் இப்படி வீங்கிப்போயிருக்கிறது? ரெகுலேஷன். ஜன்னல் ஏன் தபால்பெட்டி வாய் மாதிரி இருக்கிறது? ரெகுலேஷன். விலை? அதுவும்தான்.

சரி, பார்த்துவிடலாம் என்று பம்பரைக் கழற்றினேன். உள்ளே இடியைத் தாங்கும் ஃபோம் இருந்தது, சென்சார்கள் இருந்தன. இவையெல்லாம் சட்டமும் பாதுகாப்பும் கேட்பவை, நியாயம். இரண்டு மூலையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வலை போட்ட பெரிய காற்றுத் துவாரங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுறாவின் செவுள் மாதிரி இருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் ஒரே அடைப்பு. விரல் போகாது, காற்று எங்கே போகும்? அந்தப் பொய்த் துவாரமும் உதடும் பம்பரும் ஒரே வார்ப்பு. அதனால்தான் உதடு கிழிந்தால் முகத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. இதை எந்த நாட்டுச் சட்டம் கேட்டது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நான் சட்டத்துக்கு எதிரி இல்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கண்ணாடியில் முடி ஒட்டியிருக்கும் வண்டிகளை நிமிர்த்தியிருக்கிறேன், அந்தக் கதைகள் இங்கே வேண்டாம். நடந்து போகிறவரைக் கார் இடித்தால் முதலில் கால் மடங்கும், அடுத்த கணம் தலை பானெட்டில் வந்து விழும். மேலே மெல்லிய தகடு, அதற்கு அடியில் இரண்டு விரல்கடை தள்ளி இரும்பு இன்ஜின் இருந்தால் தலை என்ன ஆகும்? அதனால்தான் ஐரோப்பாவில் 2005 முதல் புதிய மாடல்களுக்குப் பாதசாரி பாதுகாப்பு விதி வந்தது. தகடு அமுங்க இடம் விட வேண்டும், பானெட் உயர வேண்டும். 1961இன் ஜாகுவார் ஈ-டைப் மூக்கை இன்றைக்கு அப்படியே செய்ய முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கும் நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். மூக்கு தாழ்வாகவே இருக்கும். கால் இடித்ததை பம்பரில் உள்ள சென்சார் உணர்ந்தால், சின்ன வெடிமருந்து வெடித்து பானெட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். தலை வந்து விழுவதற்குள் அடியில் இடைவெளி தயார். முதன்முதலில் இது எனக்குத் தெரிந்தது ஒரு தெருநாயால். மரக்காணம் தாண்டி நாயை இடித்துவிட்டு, பானெட் லாக் போய்விட்டது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். நான்கூட கீலில் கோளாறு என்றுதான் நினைத்து அழுத்திப் பார்த்தேன். சுத்தியை எடுக்காமல் இருந்தது என் நல்ல காலம். வெடித்த பாகத்தைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, புதிதுதான் போட வேண்டும் என்று அப்புறம் கற்றுக்கொண்டேன். செலவுதான். ஆனால் ஒரு மனிதத் தலைக்காக வைத்த செலவு, அதில் எனக்கு வருத்தமில்லை. (நாய் பிழைத்துக்கொண்டதாம்.)

முன் கண்ணாடியைத் தாங்கும் தூணும் அப்படித்தான். வண்டி உருண்டால் கூரை நசுங்கக் கூடாது. தன் எடையைப்போல ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும் என்றிருந்த விதியை அமெரிக்கா 2009இல் மூன்று மடங்காக உயர்த்தியது. தூண்கள் தடித்தன. உள்ளே போரான் கலந்த எஃகு வந்தது. சூட்டில் அழுத்தி அச்சுக்குள்ளேயே குளிரவைத்தது, சாதாரணத் தகட்டைப்போல ஐந்து மடங்கு வலு. எங்கள் தொழிலில் இது பெரிய மாற்றம். நெருப்பு காட்டினால் வலு போய்விடும், தட்டினால் நிமிராது. வெட்டி எடுத்துப் புதிது வைத்துப் பற்றவைக்கத்தான் வேண்டும். பழைய டிங்கர்களில் பாதிப் பேர் இதனாலேயே தொழிலை விட்டார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டி, பிள்ளை குட்டியோடு, முழுதாக மறைந்துபோகும். உள்ளே இருப்பவரைக் காக்கும் தூண் வெளியே இருப்பவரை மறைக்கிறது. இதைப் பற்றி நீங்கள் கூடிப் பேசினால் நன்றாயிருக்கும். பொய்த் துவாரத்துக்குச் செலவிட்ட நேரத்தில் பாதி போதும்.

சட்டம் அழகைக் கெடுக்கும் என்பதற்கு உங்கள் ஆட்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது எழுபதுகளின் அமெரிக்க பம்பர் விதியை. மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தால் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் சேதம் வரக் கூடாது என்றார்கள். எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் வண்டிக்கு 1974இல் கறுப்பு ரப்பரில் பெரிய மூக்கை ஒட்டினார்கள், விளக்கு உயரத்துக்காக வண்டியையும் தூக்கினார்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் அதே விதி, அதே காலம், போர்ஷே 911க்கும் வந்தது. அவர்கள் அலுமினிய பம்பரை வைத்து, உடம்போடு சேரும் இடத்தில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு ரப்பர் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தத் துருத்தி பம்பர் வண்டிகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். விதி ஒன்றுதான், வரைந்த கை வேறு. மூடித் திறக்கும் விளக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு தாழ்ந்தாலும் விளக்கு இன்ன உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்ற விதியைச் சமாளிக்கத்தான் பலர் அந்தக் கண்சிமிட்டும் விளக்கை வைத்தார்கள். 2004இல் கார்வெட், லோட்டஸ் எஸ்பிரிட் இரண்டோடும் அது முடிந்தது. ஆக, சட்டத்தால் அழகும் பிறந்திருக்கிறது.

நான் தொழில் கற்றுக்கொண்டது ஸ்டாண்டர்ட் ஹெரால்டில். சென்னையில் செய்த வண்டி, இத்தாலிக்காரர் மிக்கேலொத்தி வரைந்தது. முன்பகுதி முழுவதும், மட்கார்டு உட்பட, முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அதே சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அவரே வரைந்த உடம்பை மாட்டியதுதான் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1962இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார். 700 கிலோ சொச்சம். நாங்கள் டாக்டர் வீட்டு வண்டி என்று தட்டிக்கொண்டிருந்ததற்கு அப்படி ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியவே இருபது வருடம் ஆயிற்று. அந்த வண்டியில் இடித்தால் சாவுதான், அது திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தகடு போனால் ஒரு தகட்டை மாற்றினோம்.

விலைக்கு வருகிறேன். மாஸ்டா எம்.எக்ஸ்-5 1989இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 13,800 டாலர். இன்று ஆரம்ப விலை 30,000 டாலரை ஒட்டி இருக்கிறது. இடையில் ஏறிய விலைவாசியைக் கணக்குப் பார்த்தால் இந்த வண்டி மலிந்துதான் இருக்கிறது. ஏர்பேக் உண்டு, ஐரோப்பாவில் விற்பதில் தூக்கும் பானெட்டும் உண்டு, எல்லா விதிகளுக்கும் உட்பட்டது, எடையோ ஏறத்தாழ 1,070 கிலோ. ஒரு கம்பெனியால் முடிகிறது என்றால் மற்றவர்கள் சட்டத்தின் மேல் பழி போடுவதை நான் எப்படி நம்புவது? 2022இல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் நிதின் கட்கரி ஒரு ஏர்பேக்குக்கு 800 ரூபாய்தான் ஆகும் என்றார். அது குறைத்துச் சொன்ன கணக்காகவே இருக்கட்டும், பத்து மடங்கு போடுங்கள். கோடி ரூபாய் வண்டியில் அது ஒரு செட் மிதியடிக் காசு.

இந்தியாவில் விலை ஏறுவதில் அரசின் பங்கு பெரிது, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். வெளிநாட்டில் 50 லட்சத்துக்கு விற்கும் வண்டி முழுதாகக் கப்பலில் வந்தால், இறக்குமதி வரி 100 சதவீதம் என்றே வைத்தாலும் 1 கோடி. அதன் மேல் 2025 செப்டம்பரில் வந்த 40 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 1 கோடியே 40 லட்சம். பிறகு சாலை வரி. அதற்குத்தான் எங்கள் ஊர் இருக்கிறதே! இங்கே வரி குறைவு என்று இல்லாத விலாசத்தைக் கொடுத்துப் பதிவு செய்த சொகுசு வண்டிகளை 2017இல் கேரளத்தில் விசாரிக்க ஆரம்பித்தபோது, பிஒய் என்று தொடங்கும் எங்கள் ஊர் எண் போட்டுக்கொண்டு புதுச்சேரியையே பார்க்காத கார்கள் எத்தனை என்று நாங்களே வாயைப் பிளந்தோம்.

நீங்கள் கூட்டிய விலை வேறு இடத்தில் இருக்கிறது. 20 அங்குல ரிம்மில், அதன் மேல் ரப்பர் பாண்ட் மாதிரி டயரில். அரியாங்குப்பம் பாலத்தருகே ஒரே ஒரு பள்ளம், ரிம் வளைந்துவிடுகிறது. ஓரமெல்லாம் ஒட்டிய பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில், அதில் கடற்கரை மணல் பட்டால் ஒரே மாதத்தில் கீறல். பொய்த் துவாரத்தில். 2019இல் வந்த டொயோட்டா சுப்ராவில் பானெட்டிலும் கதவிலும் இருந்தவை அடைத்த துவாரங்கள்தான். ரேஸுக்கு எடுத்துப்போகிறவர்கள் திறந்துகொள்ளலாம் என்று விளக்கம் சொன்னார்கள். வீட்டில் சுவரில் ஜன்னலை வரைந்து வைத்துவிட்டு, வேண்டுமானால் உடைத்துக்கொள் என்று கொத்தனார் சொன்னால் கூலி கொடுப்போமா?

எங்கள் நாட்டிலும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள், தெரியுமா? தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம். ரெனோவின் சின்ன இன்ஜின், ஃபைபர் உடம்பு. சொல்தா ஒருவர், பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பழைய ஸ்டார்ம் ஒன்றைக் கதவோரம் பிளந்த நிலையில் கொண்டுவந்தார். தகடு தட்டுகிற எனக்கு ஃபைபரில் கை ஓடாது. தேங்காய்த்திட்டில் படகுக்கு ஒட்டுப்போடுகிற தம்பியை அழைத்துவந்தேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியதில் கை தேர்ந்தவன். ரெசின் கலந்து, ஃபைபர் பாய் வைத்து, இரண்டு நாளில் முடித்துவிட்டான். மூவாயிரம் ரூபாய், மதியச் சாப்பாடு. வேகமும் பெரிதாக இல்லை, பாதுகாப்பும் இந்தக் காலத்துக்குப் போதாது. ஆனால் செய்தவன் அதில் எதையும் பொய்யாக ஒட்டவில்லை.

அந்தப் பம்பர்க்காரர் கடைசியில் ஷோரூமிலேயே மாற்றிக்கொண்டார், என்னிடம் ஒட்டினால் வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்திவிட்டார்கள். பழையதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். உதட்டைத் தனித் துண்டாக, நாலு போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி அறுத்துப் பொருத்தி வைத்திருக்கிறேன். துவாரத்தையும் திறந்துவிட்டேன், இப்போது காற்று போகிறது. சென்சாரும் ஃபோமும் இருந்த இடங்களைத் தொடவில்லை. உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் பட்டறைக்கு வாருங்கள், ஞாயிறு மட்டும் விடுமுறை. அனுப்பித்தான் வைக்க வேண்டும் என்றால் பார்சல் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
வில்லியனூர் சாலை டிங்கர் ஒருவன்
புதுச்சேரி