டார்சியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலைப் பாடமாக வைத்தவர்கள் நீங்கள். நாயகி எலிசபெத், அவளை விரும்பும் டார்சி, இவர்கள் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பறையில் அது என்ன பாடு படுகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் காதலிப்பதாகச் சொன்னான். விருப்பமில்லை என்று இவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அப்புறமும் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறான். புதுப்புது எண்களிலிருந்து போன் செய்கிறான். அவன் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள் என் மகள். இருட்டிவிட்டால் அவள் அப்பா போய்க் கூட்டிவருகிறார். ஆசிரியரிடம் சொன்னதற்கு அவர் சிரித்துக்கொண்டே, “எலிசபெத்தும் டார்சியை முதலில் வேண்டாம் என்றுதானே சொன்னாள்?” என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. இப்போது அந்தப் பையனுக்கு அங்கே பட்டப்பெயரே டார்சி.

மரியாதையோடுதான் கேட்கிறேன். 34, 35ஆம் அத்தியாயங்களை அங்கே யாராவது படித்தார்களா?

உன் குடும்பம் என் தகுதிக்குக் குறைவு, இருந்தும் உன்னை விரும்புகிறேன் என்று வந்து நிற்கிறான் டார்சி. எலிசபெத் முகத்துக்கு நேராக மறுக்கிறாள். மறுநாள் காலை ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். நேற்றுச் சொன்னதை மறுபடி சொல்லிவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம் என்றுதான் அந்தக் கடிதமே தொடங்குகிறது. பிறகு மாதக்கணக்கில் அவள் இருக்கும் பக்கமே அவன் வரவில்லை. அவன் ஊரில் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் அவள் அவனுடைய பெம்பர்லி மாளிகையைப் பார்க்கப் போகிறாள், எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். எந்த வியாபாரக் குடும்பத்து உறவை இழிவாக நினைத்தானோ, அவளோடு வந்த அதே மாமா அத்தையிடம் அன்று பணிவாக நடந்துகொள்கிறான். திருமணப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் மனம் மாறியிருக்கலாம் என்று தன் சித்தி மூலம் தெரிந்த பிறகுதான் மறுபடி வாய் திறக்கிறான். அப்போதும், ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறான். எலிசபெத்தும் சும்மா மனம் மாறவில்லை. டார்சியைப் பற்றிப் பொய் சொல்லித் திரிந்த விக்கமின் இனிக்கும் பேச்சை நம்பியது எவ்வளவு தப்பு என்று அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அவளே கண்டுபிடிக்கிறாள். யாரும் துரத்திப் புரியவைக்கவில்லை.

பெண் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்பவன் அதே நாவலில் இருக்கிறான். 19ஆம் அத்தியாயம், எலிசபெத்தைப் பெண் கேட்டு வரும் உறவுக்காரன் காலின்ஸ். நாகரிகமான பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம்தானே என்று அவளிடமே விளக்குகிறான். எலிசபெத்தின் அப்பாவுக்குப் பிறகு அவர்கள் குடியிருக்கும் வீடே இவனுக்குத்தான் போகும். தெரிந்தேதான் அவள் மறுக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவனுக்குப் பட்டப்பெயர் வைத்தே தீர வேண்டுமென்றால் காலின்ஸ் என்று வைத்திருக்கலாம்.

ஆனால் கைடில் காலின்ஸுக்கு இரண்டு வரி: கோமாளிப் பாத்திரம். டார்சிக்கு ஒரு பக்கம்: “விடாமுயற்சியால் எலிசபெத்தின் மனத்தை வென்றான்.” ஜெராக்ஸ் கடையில் விற்கும் அந்தக் கைடைத்தான் மாதிரித் தேர்வு வினாவும் பின்பற்றுகிறது: “டார்சியின் விடாமுயற்சியை விளக்குக”, பத்து மதிப்பெண். மறுத்த பிறகு டார்சி விலகிப்போனான் என்று எழுதிய என் மகளுக்குக் கிடைத்தது மூன்று. விடாமுயற்சி பாடம் சொல்லித்தர நம் சினிமா போதாதா, 1813இல் வந்த நாவலையும் துணைக்கு அழைக்க வேண்டுமா? பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக்குற்றம். அந்தச் செய்தி ஆங்கிலத் துறை மாடிவரைக்கும் ஏறி வரவில்லை போலிருக்கிறது.

சரி, குத்திப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. பையன் விஷயத்தைக் கல்லூரியின் புகார்க் குழுவில் எழுத்தில் கொடுத்துவிட்டோம். அது உங்கள் வேலை இல்லை. கேள்வி உங்கள் வேலை. அந்த மூன்று அத்தியாயங்களையும் மூலத்திலேயே வகுப்பில் வாசிக்க வையுங்கள். “விடாமுயற்சி” கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், “மறுக்கப்பட்ட பிறகு டார்சி என்ன செய்தான், எதைச் செய்யவில்லை?” என்று கேளுங்கள். வரும் பருவத் தேர்வுக்குள் இதைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா