ஆல்பனி பேட்ரூன்ஸ் கோப்புகள் பிழைத்தன: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் ஆல்பனி நகரக் கூடைப்பந்து அணியான பேட்ரூன்ஸின் வரலாற்றை எழுத நான் வீட்டில் சேர்த்துவைத்த கோப்புகள் நனைந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. பெரும்பாலான கோப்புகள் பிழைத்துவிட்டன என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈரத் தாள்களைத் தங்கள் வீட்டில் கொடி கட்டி உலர்த்தியவர்கள், மின்விசிறிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களைத் தேடித் தந்த நூலக ஊழியர்கள், இரவில் சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து இப்போதைக்கு ஒரு கும்பிடு. தனித்தனியே வந்து பார்க்கிறேன்.

ஓர் அம்மையாரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1980களில் ஆல்பனியின் வாஷிங்டன் அவென்யூ ஆர்மரி அரங்கில் நடந்த பேட்ரூன்ஸ் ஆட்டங்களுக்குத் தவறாமல் போனவர். பிஸ்கட் டப்பா ஒன்றை என் சமையலறை மேசையில் வைத்தார். உள்ளே ஆட்ட நாள் கையேடுகள். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் பென்சிலில் நான்கு கால்பகுதிகளின் புள்ளிகள், பேட்ரூன்ஸ் வென்ற கால்பகுதியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம்.

அந்த வட்டங்கள்தான் எனக்குப் புதையல். பேட்ரூன்ஸ் ஆடிய சிபிஏ என்ற சிறு லீக்கின் தரவரிசைப் பட்டியலில் அன்று வெற்றிக்கு 3 புள்ளிகள், வென்ற ஒவ்வொரு கால்பகுதிக்கும் 1 புள்ளி. ஆக ஓர் ஆட்டத்துக்கு 7. தோற்பது உறுதியான அணிகூடக் கடைசிக் கால்பகுதியில் உயிரைக் கொடுத்து ஆடும். என்னிடம் மிஞ்சிய செய்தித் துணுக்குகள் பலவற்றில் இறுதிக் கணக்கு மட்டுமே இருக்கிறது.

பென்சில் மங்கியிருந்ததால் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அவரே வாசித்தார். நான் தட்டச்சு செய்தேன். நடுநடுவே திட்டும் விழுந்தது. வருகிறவர்கள் எல்லோரும் 1984இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் பில் ஜாக்சனைப் பற்றியே கேட்கிறார்களாம். 1988இல் பில் மசல்மன் பயிற்சியில் வென்றதை யார் கேட்கிறார்கள் என்றார். நியாயமான கோபம். ஜார்ஜ் கார்ல் பயிற்றுவித்த 1990-91 அணி 56 ஆட்டங்களில் 50 வென்றது, சொந்த ஊரில் 28க்கு 28. ஆனாலும் கோப்பை கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் கடைசிக் கையேட்டில் மட்டும் பின்னட்டை வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "பென்சிலை எறிந்துவிட்டேன்" என்றார்.

சிறு லீக் அணிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரிய லீக்கான என்பிஏவுக்குப் போனவர்களின் பட்டியலாகவே அதை முடித்துவிடுகிறார்கள். நானும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தேன். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கால்பகுதிக் கணக்கு இருக்கும். அது கிடைக்காத பருவத்தை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். பிரதிகளும் இனி ஒரே வீட்டில் இருக்காது.

1985-86 பருவத்தில்தான் இடைவெளி அதிகம். பரணில் கையேடுகள் கிடந்தால் அனுப்புங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அம்மையார் வாசித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.