ஹைஃபாவிலிருந்து அப்பாவுக்கு

ஹைஃபா
9.12.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் தோத்திரம். நான் இங்கே நல்ல சுகம். நீங்கள் இருவரும், பாட்டியும், தம்பியும், பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவின் கடிதம் கைக்கு வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. இத்தனை நாள் பதில் போடாதது என் தப்புதான். சனிக்கிழமை லீவில் எழுத உட்காருவேன், நாலு வரி எழுதி மடித்து வைத்துவிடுவேன். அப்பா கேட்டிருந்த இரண்டு கேள்வியும் அப்படி. போனில் சொல்லலாம் என்றால் அப்பாவுக்குக் காது பிடிபடாது. பாதியில் அம்மா வாங்கி "சாப்பிட்டியா மக்களே" என்பாள், அதோடு பேச்சு நின்றுவிடும். கோட்டயத்து சேச்சி திங்கட்கிழமை கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறார். அங்கிருந்து தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னதால் இன்று முழுவதும் எழுதிவிடுகிறேன்.

அம்மா கேட்டதற்கு முதலில். ஆமாம், குளிர் தொடங்கிவிட்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகாது. கடலிலிருந்து காற்று கர்மேல் மலையில் ஏறி வந்து ஜன்னலை நாள் முழுக்க ஆட்டும். தரை எல்லாம் கல், காலில் இரண்டு சாக்ஸ் போட்டும் ஏறுகிறது. அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்தான் உள்ளே. சோறு தினமும் உண்டு. தேங்காய் கிடைக்கிறது, ஆனால் முற்றிக் காய்ந்தது, விலையும் அதிகம். மரச்சீனி வேண்டுமென்றால் டெல்அவிவ் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற கடைகளில் ஐஸில் வைத்தது வாங்கலாம். போன மாதம் சேச்சி வாங்கி வந்து வேகவைத்தோம். மீன் குழம்பும் வைத்தோம். ருசி வரவில்லை, ஆனால் சட்டி காலியாகிவிட்டது.

போட்டோவில் கழுத்துச் சங்கிலி காணோம் என்று அம்மா கேட்டாளாம். நான் பார்த்துக்கொள்கிற சவ்தாவை (எபிரேயத்தில் சவ்தா என்றால் பாட்டி) தூக்கி உட்கார வைக்கும்போது மாட்டுகிறது, அதனால் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எதிர்வீட்டு அம்மோவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அம்மோ என்றால் அரபியில் சித்தப்பா. எழுபது வயசு தாண்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மூன்று மாடிப் படியையும் பெருக்குவார். பெருக்க ஆள் இருக்கிறது, ஆனாலும் பெருக்குவார். பிறகு அவர் மனைவி ஜாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவிப் போடுகிற ரொட்டியில் ஒன்றைத் துணியில் சுற்றி எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போவார். அரிசியையும் பருப்பையும் சேர்த்து வேகவைத்து மேலே வெங்காயம் பொரித்துப் போடுகிற முஜத்தரா என்ற சோறு அவர்கள் வீட்டில் உண்டு. அதைச் சாப்பிடும்போது மட்டும் நம் வீட்டு அடுக்களை ஞாபகம் வரும்.

அவர்கள் நம்மைப் போலக் கிறிஸ்தவர்கள். லெபனான் எல்லைப் பக்கம் இக்ரித் என்று ஒரு ஊர். 1948 நவம்பரில் ராணுவம் வந்து, இரண்டு வாரம் வெளியே போய் இருங்கள், பிறகு திரும்பலாம் என்று சொல்லி ஊரைக் காலி செய்தது. திரும்ப விடவில்லை. ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1951 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நேரத்தில் ராணுவம் வீடுகளை எல்லாம் வெடிவைத்துத் தகர்த்தது, கோவிலை மட்டும் விட்டது. இன்றைக்கும் அங்கே வீடு கட்ட அனுமதி இல்லை. ஆனால் செத்தவர்களைக் கொண்டுபோய்ப் புதைக்கலாம். அம்மோவின் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் இஸ்ரேல் குடிமக்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். அவர் இதைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அப்பா.

சரி, அப்பாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். "அங்கே சமாதானம் வந்துவிட்டதா, சபையில் எல்லோரும் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள்.

சுடுவது பெரும்பாலும் நின்றிருக்கிறது. அக்டோபர் 10 முதல் போர்நிறுத்தம். 13ஆம் தேதி உயிரோடு இருந்த பிணைக்கைதிகள் இருபது பேரும் வந்தார்கள். அன்று தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன். இறந்தவர்களின் உடல்களும் ஒருவரைத் தவிர வந்துவிட்டன. ஆனால் காசாவில் பாதிக்கு மேல் இன்னும் ராணுவத்தின் கையில், மஞ்சள் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் முந்நூறு பேருக்கு மேல் அங்கே செத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள் 70,000-ஐத் தாண்டிவிட்டதாகக் காசா சுகாதாரத் துறை சொல்கிறது. இங்கே 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்கியபோது ஒரே நாளில் 1,200 பேர். இதற்குப் பெயர் சமாதானம் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. சவ்தா ஒருவர்தான் சொல்கிறார்.

சவ்தாவுக்கு எண்பத்தெட்டு. மறதி கூடிவிட்டது. அவர் மனசு 1993-இலேயே நின்றுவிட்டது. அப்பா, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கிய படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டினீர்களே, நான் இரண்டாம் வகுப்பு. அந்தக் கைகுலுக்கல்தான் அவருக்கு இன்னும் நேற்று நடந்தது. தினமும் சாயங்காலம் டீ கொடுக்கும்போது "ராபின் திரும்பி வந்துவிட்டாரா, என்ன சொன்னார்" என்பார். வந்த புதிதில் உண்மையைச் சொல்லிவிட்டேன். 1995 நவம்பர் 4 அன்று டெல்அவிவ் சதுக்கத்தில் சமாதானக் கூட்டம் முடிந்து இறங்கி வந்த ராபினை ஒரு யூத இளைஞனே சுட்டுக் கொன்றான். அந்தக் கூட்டத்தில் சவ்தாவும் மகளும் இருந்திருக்கிறார்கள். ஆனால் நான் சொன்னபோது முதல் தடவை கேட்கிற மாதிரி அழுதார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அழுதார். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி சொல்லாதே என்றார். இப்போது "பேசிக்கொண்டிருக்கிறார்கள் சவ்தா" என்கிறேன். பொய்தான். கர்த்தர் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகள் வரும்போது பேரனும் வருவான். அவன் ரிசர்வ் படையில் காசாவுக்குப் போய் வந்தவன். அவனுடைய கூட்டாளி அக்டோபர் 7 அன்று அந்தப் பாட்டு விழாவில் செத்தான். "2005-இல் காசாவை விட்டு வெளியே வந்தோமே, என்ன கிடைத்தது? யாரோடு பேசச் சொல்கிறாய்?" என்று அம்மாவிடம் கேட்பான். கெட்ட பையன் இல்லை அப்பா. பாட்டியின் கால் நகத்தை அவன்தான் வெட்டிவிடுவான். அவன் அம்மா சொல்வது வேறு. வெளியே வந்தது சரி, ஆனால் கடலையும் எல்லையையும் அடைத்து வைத்துவிட்டு அங்கே நல்லது முளைக்கும் என்று எப்படி எதிர்பார்த்தோம் என்பார். அந்தக் கைகுலுக்கலோடு வந்த ஓஸ்லோ ஒப்பந்தத்தின்போது மேற்குக் கரையில் யூதக் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம், இப்போது ஐந்து லட்சம் என்பார். ஒரு பக்கம் பஸ்களில் குண்டு வைத்தார்கள். இன்னொரு பக்கம் 1994-இல் ஹெப்ரோனில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். நம்பினவர்கள் வாயை அடைப்பதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கிறது.

அந்த அம்மா வெறும் பேச்சுக்காரர் இல்லை. சமாதானத்துக்காகப் போராடும் பெண்கள் அமைப்பு ஒன்று இங்கே 2014 முதல் இருக்கிறது, அதில் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். பாலஸ்தீனப் பெண்களுக்கும் பெத்லகேமில் அதே மாதிரி ஒரு அமைப்பு. 2023 அக்டோபர் 4 அன்று இரண்டு பக்கப் பெண்களும் எருசலேமில் சேர்ந்து நடந்தார்கள், இவரும் போயிருந்தார். மூன்று நாள் கழித்து, அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான விவியன் சில்வர் என்ற 74 வயது அம்மா, காசா எல்லைப் பக்கம் பேரி என்ற கிபுட்ஸில் (கூட்டுப்பண்ணை ஊர்) தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். காசாவிலிருந்து சிகிச்சைக்கு வந்த நோயாளிகளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர். அவர் மகன் பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை, பார்த்த வேலையை விட்டுவிட்டு அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டார். இதைத்தான் சபையில் சொல்லுங்கள் அப்பா. சமாதானம் வருமா என்று கேட்டால், இந்த மாதிரி ஆட்கள் சாகாமல் இருக்கிறார்களா, அவர்கள் சொல்வதை ஆளுகிறவர்கள் கேட்கிறார்களா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இப்போதைக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள். நம் சபையில் எருசலேமின் சமாதானத்துக்காக வாராவாரம் ஜெபிக்கிறோம். காசாவிலும் நம்மைப் போல சில நூறு கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஒரே கத்தோலிக்கக் கோவிலில் இந்த ஜூலையில் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களையும், மற்ற அத்தனை பேரையும் ஜெபத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். போதகர் ஐயாவிடம் அப்பா சொன்னால் கேட்பார்.

பெத்லகேமைப் பற்றி அம்மா கேட்டாள். இரண்டு வருஷம் கொண்டாட்டம் இல்லாமல் இருந்துவிட்டு, போன சனிக்கிழமை அங்கே கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்கு ஏற்றினார்கள். நான் 2022-இல் போனதுதான். எட்டு மீட்டர் உயரச் சுவர், அதில் ஒரு வாசல். நான் எங்கோ மார்த்தாண்டத்திலிருந்து வந்தவள், பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடந்தேன். ஒலிவ மரத்தில் முன்னணைக் குடில் செய்து விற்கிற கடைக்காரர், பத்துக் கிலோமீட்டரில் இருக்கிற எருசலேமைப் பார்த்து வருஷக் கணக்காகிறது, பர்மிட் தரமாட்டேன் என்கிறார்கள் என்றார். அவரிடம் வாங்கின சின்னக் குடிலைச் சேச்சியிடம் கொடுத்திருக்கிறேன், பாப்பாவுக்கு.

இனி இரண்டாவது கேள்வி. தம்பி கட்டட வேலைக்கு இங்கே வரலாமா என்று. சம்பளம் உண்மைதான், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வரும். வடநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் வடக்கே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொல்லத்துப் பையன் ஏவுகணை பட்டுச் செத்ததை நீங்கள் செய்தியில் பார்த்தீர்கள். ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அது மட்டுமில்லை.

ஜூனில் ஈரான் ஏவுகணைகள் வந்த பன்னிரண்டு நாளும் நாங்கள் கீழே இருக்கிற பதுங்கறையில்தான் இருந்தோம். அலாரம் அடித்ததும் நான் ஒரு பக்கம், அம்மோ ஒரு பக்கம், சவ்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவோம். நான் பயந்ததை எல்லாம் போனில் சொல்லவில்லை. ஒரு ராத்திரி சவ்தா பாடச் சொன்னார். பாட்டி பாடுகிற அந்திநேர ஜெபப் பாட்டு தானாக வாயில் வந்தது. பாதியில் என்னால் முடியவில்லை, அம்மா. வாசலில் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் ஷீட்டுப் புகை, நீ அரிசி களைகிற சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. யாருக்கும் மொழி புரியாவிட்டாலும் அம்மோவின் மனைவி என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அறையின் மூலையில் ஒரு பை கிடக்கிறது. கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு ஜோடி செருப்பு. ஜெனின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், எங்கள் கட்டடத்தில் பூச்சு வேலை செய்தவர், 2023 அக்டோபர் முதல் வாரத்தில் வைத்துவிட்டுப் போனது. போருக்கு முன் மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் வரை இப்படி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். அவருக்கு நாலு பிள்ளைகள் என்று அம்மோ சொன்னார். தம்பியின் ரசமட்டமும் இதே மாதிரிதானே அப்பா. அவன் வந்தால் அந்த வேலைக்குத்தான் வருவான். வந்த வடநாட்டுப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் கடனுக்குத்தான் வந்தேன். ஆனால் அந்த மனிதர் திரும்பி வந்து பையை எடுக்கிற நாளில், அவர் இடத்தில் என் தம்பி நிற்கக் கூடாது.

தம்பி கோபப்படுவான். தக்கலையில் மாமா சொன்ன காண்ட்ராக்ட் வேலையை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். என் விஷயத்தில் கொடுத்ததற்கே இன்னும் வட்டி போகிறது.

இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். ஒன்றும் பிரச்சினை இல்லை, ஜனவரியில் சரிக்கட்டிவிடுவேன். வந்ததும் முதலில் பாட்டியின் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வையுங்கள், ஓடு மாற்றுவது கோடைக்குப் போகட்டும். சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு ஐந்நூறு ரூபாயாவது வைக்க வேண்டும். 22ஆம் தேதி அவருடைய நாள். பாப்பாவைக் கல்லறைக்குக் கூட்டிப் போய்ச் செவ்வந்தி வைக்கச் சொல்லுங்கள், சுற்றிலும் புல் வெட்டிவிட்டு வெள்ளையும் அடிக்க வேண்டும், தம்பி செய்வான். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, தாள் மட்டும் புதுசாக வாங்கினால் போதும்.

பாப்பாவின் கணக்கு மார்க்கை அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சவ்தா எழுந்துவிட்டார், டீ போட வேண்டும்.

உங்கள் அன்பு மகள்