ஹெட்செட்டை மறந்துட்டுப் போன பாப்பாவுக்கு

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உங்கம்மாவும் நலம். அங்கு உன் நலம், மாப்பிள்ளை நலம், பேரன் நலம் அறிய ஆவல்.

போன் இருக்கிறப்ப எதுக்குக் கடுதாசின்னு யோசிப்ப. போன் பண்ணா 'மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்'ங்கற. பொங்கல் போய் சித்திரையும் முடிஞ்சுது, அந்த அப்புறம் இன்னும் வரல. அதுவும் இல்லாம, எதைப் போன்ல பேசலாம் எதைப் பேசக் கூடாதுன்னு 36 வருஷம் டெலிபோன் கம்பம் ஏறினவனுக்குத் தெரியும். இதை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்பறேன். வாரத்துல மூணு நாள் போறேன்னு சொன்னியே, கைக்குக் கிடைச்சிடும். வீட்டு விலாசத்துக்கு ஏன் போடலைன்னு கேக்காத.

பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல கண்ணு. நீ விட்டுட்டுப் போன ஹெட்செட்டைப் பத்திதான்.

பொங்கலுக்கு வந்துட்டு அன்னிக்கு விடிகாலைல அவசரமா கிளம்பினல்ல, திண்ணையிலேயே கிடந்துச்சு. உங்கம்மா மஞ்சப்பைல சுத்தி பீரோல வெச்சுட்டா. மாசி மாசம் நான் கேட்டப்ப 'நீங்களே வெச்சுக்கங்கப்பா'ன்னுட்ட. எட்டாயிரம் ரூபா சாமான்னு நீதான் சொன்ன. எட்டாயிரத்தை இப்படியா அலட்சியமா விட்டுட்டுப் போறதுன்னு கோவம் வந்துச்சு. அப்புறம் நம்ம வகையறாவுல ஒருத்தி எட்டாயிரத்தை மறந்துட்டுப் போற அளவுக்குச் சம்பாதிக்கறாளேன்னும் தோணுச்சு. உங்க பெரியப்பா வீட்டுல போய் ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன்.

சார்ஜர் ஒயரை மட்டும் நீ எடுத்துட்டுப் போயிட்ட. என் போன் ஒயரே அதுக்குச் சேருது, கவலைப்படாத.

முதல் நாள் அரை மணி நேரம் மல்லாடினேன். ஆன் பண்ணா உள்ள ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல என்னவோ சொல்றா. என் போன்ல ப்ளூடூத்தைத் திறந்தா மேல்வீட்டு டிவி பேர் வருது, யாரோ ஒருத்தர் போன் பேர் வருது, இது மட்டும் வரல. பழுதான சாமானைத்தான் விட்டுட்டுப் போயிட்டாளோன்னு நினைச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு டிப்ளமோ பையன் வந்தான். 'தாத்தா, ஆன் பண்ணா இது முதல்ல அக்கா போனைத்தான் தேடும், அதைத்தான் ஞாபகம் வெச்சிருக்கு. புதுசா சேர்க்கணும்னா சுவிட்சை விடாம அமுக்கிப் பிடிக்கணும்'னான். அமுக்கிப் பிடிச்சேன். மனசுக்குள்ள ஏழு எண்ணறதுக்குள்ள விளக்கு சிவப்பும் நீலமுமா மாறி மாறி அடிச்சுது. போன்ல 'புதிய சாதனத்தை இணை'யைத் தொட்டதும் பேர் வந்துடுச்சு. அதைத் தொட்டேன். விளக்கு நின்னு போச்சு, காதுல பாட்டு வந்துச்சு. அவ்வளவுதான் வித்தை.

இதுக்குப் பேரு பேரிங்னு அவன் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் என்ன வேலை பார்த்தேன்னு நினைச்சான்? என் ஆயுசெல்லாம் பேர்தான். அம்பது பேர் கேபிள், நூறு பேர் கேபிள், ஸ்பேர் பேர், செத்த பேர். ஒரு வீட்டுக்கு ரெண்டு கம்பி, அந்த ஜோடிதான் ஒரு பேர். வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல். ஜெல்லி கேபிளை உரிச்சா அந்தப் பசை ரெண்டு நாளைக்கு நகத்துல இருக்கும், நீ சின்ன வயசுல 'அப்பா நாத்தம்'னு ஓடுவியே. ரெண்டு கம்பியையும் நல்லா முறுக்கி விட்டாத்தான் பக்கத்து வீட்டுப் பேச்சு உள்ள ஏறாது. முறுக்கு தளர்ந்தா ஊர் பேச்செல்லாம் கேக்கும். நான் கேபிளைத்தான் சொல்றேன்.

அந்தப் பையனுக்குத் தெரியாத விஷயம் இல்ல. ப்ளூடூத்ங்கறது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி டென்மார்க்ல இருந்த ஒரு ராஜாவோட பட்டப் பேராம், ஹரால்டுன்னு. பிரிஞ்சு கிடந்த ஜனங்களை ஒண்ணு சேர்த்தாராம், அதனால இந்தக் கருவிக்கு அவர் பேரை வெச்சாங்களாம். நீலப் பல்லுன்னு ஒரு ராஜாவுக்குப் பேர். நம்ம அதியமானுக்கு இப்படி ஒரு பேர் வெச்சிருந்தா அவ்வையார் சும்மா விட்டிருப்பாங்களா?

காதுல மாட்டிக்கிட்டு எவ்வளவு தூரம் போகலாம்னு நடந்து பார்த்தேன். போனைத் திண்ணையில வெச்சுட்டு வாசல்ல போனா முருங்கை மரம் வரைக்கும் நல்லா வருது, முப்பது முப்பத்தஞ்சு அடி இருக்கும். பின்பக்கம் போனா தொட்டி கிட்டயே விட்டு விட்டு வருது, நடுவுல ரெண்டு சுவர். போனைச் சட்டைப் பைல வெச்சா சுத்தம், டிராயர் பைல வெச்சுக்கிட்டுக் குனிஞ்சா கரகரங்குது. நம்ம உடம்பே மறைக்குமாம், உடம்புல தண்ணிதானே நிறைய. நீ குடுத்த பழைய லேப்டாப்லயும் சேர்த்தேன். அதுக்கு முன்னாடி போன்ல ப்ளூடூத்தை அணைச்சுட்டேன், இல்லைன்னா இது போன்கிட்டயே ஓடிடுது. பாட்டு கேட்டா கச்சேரிக்கு முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கு. பேரன் வீடியோல கூப்பிட்டப்ப மட்டும் அந்தக் காலத்து டிரங்கால் மாதிரி குரல் தகர டப்பாக்குள்ள போயிடுச்சு. நாம பேசற குரலும் அதே வழியா போகணும்னா வர்ற குரலைச் சுருக்கிடுமாம்.

ஒண்ணுதான் குறை. போன்ல தர்மபுரி எஃப்எம் வைக்கலாம்னு பார்த்தா, ஒயர் வெச்ச இயர்போனைச் சொருகச் சொல்லுது. அந்த ஒயர்தான் ஏரியல். இத்தனை விஞ்ஞானம் வந்தும் ரேடியோவுக்கு இன்னும் ஒயர் வேணும், கேட்டியா.

இதை மாட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டாத பாப்பா. பெங்களூர் சில்க் போர்டு பக்கம் எப்படி வண்டி வரும்னு டிவில பாக்கறேன். ராத்திரி மாட்டிக்கிட்டே தூங்காத, காது கெட்டுடும்.

ஆனா நான் எழுத வந்தது அந்த விளக்கைப் பத்தி.

பொங்கலுக்கு வந்தப்ப ரெண்டு நாளும் நீ இதைத் தலையில மாட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருந்த. கரிநாள் அன்னிக்கு நான் எதிர்ல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தேன். உன் வலது காதுப் பக்கம் நீல விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுது. வீட்டு மோடத்துல விளக்கு கண்ணடிச்சா லைன் ஓடுதுன்னு அர்த்தம், அதே மாதிரி இதுலயும் பாட்டு ஓடுதுன்னு நினைச்சேன். குழந்தை பாட்டு கேக்கறா, தொந்தரவு பண்ணாதேன்னு உங்கம்மாவைக் கூட அதட்டினேன்.

இப்பத்தான் தெரியுது. இந்தச் சாமான்ல எதோடயாவது சேர்ந்துட்டா விளக்கு அணைஞ்சிடுது. கண்ணடிச்சா எதோடயும் சேரலைன்னு அர்த்தம். சேர ஆள் கிடைக்காம கொஞ்ச நேரம் போனா தானே ஆஃப் ஆயிடுது, நான் நாலு தடவை வெச்சுப் பார்த்துட்டேன். அன்னிக்கு நீ ரெண்டு மூணு தடவை கையைத் தூக்கிக் காதுப் பக்கம் அமுக்கின. சத்தத்தைக் கூட்டறன்னு நினைச்சேன். அணைஞ்சு போனதைத் திரும்ப ஆன் பண்ணியிருக்க.

நான் எதுவும் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

உங்கம்மா காபி கொண்டு வந்து தோள்ல கை வெச்சப்ப நீ தூக்கிப் போட்ட மாதிரி எழுந்த. டம்ளர் சாஞ்சு தரையெல்லாம் காபி. காதுல மாட்டியிருந்தா ஆள் வர்றது தெரியாதுதான், அதனாலதான் சொல்றேன், மாட்டிக்கிட்டு ரோட்ல நடக்காத. பேரன் அதைப் பார்த்துட்டுச் சிரிக்கல. வாயில விரலை வெச்சுக்கிட்டு நின்னான். பத்தாவது படிக்கிற பையன் விரலை வாயில வெப்பானா?

மாப்பிள்ளை நல்லவர்தான். பொறுப்பானவர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, நாலு பேர் கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன். ஊர்ல யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்றேன். போன வாரம் சந்தையில உன் சின்ன மாமா கேட்டப்பவும் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல.

தக்காளி விலை அடியோட போச்சு, கிரேட் கிரேட்டா ஆட்டுக்குக் கொட்டறாங்க. மாங்காய்ல செந்தூரா பழுக்க ஆரம்பிச்சாச்சு. கிளிமூக்கு இன்னும் காய்தான், கூழ் பேக்டரி லாரி வரல. உங்கம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கறா. வேற என்ன. எழுதணும்னா எவ்வளவோ எழுதலாம், ஓடல.

ஒண்ணு சொல்லிடறேன் பாப்பா. உங்கம்மாவுக்கும் தெரியாது. இருபது வருஷமா வயித்துல கிடக்கு.

2006-ல உன் நிச்சயம் முடிஞ்ச நாலாம் நாள். மழை பேஞ்சு ஓய்ஞ்ச சாயங்காலம். மேல் தெருவுல ஒரு நம்பர் செத்துக் கிடக்குன்னு புகார் வந்து, நம்ம தெருமுனைக் கம்பத்துல ஏறியிருந்தேன். வீட்டு லைனெல்லாம் பிரியற டி.பி. பெட்டியைத் திறந்தா உள்ள எல்லாம் ஈரம். எது எந்த பேர்னு பார்க்க டெஸ்ட் போன் கிளிப்பை ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டே வந்தேன். ஒண்ணுல உன் குரல்.

லைன்ல பேச்சு கேட்டா உடனே கிளிப்பை எடுத்துடணும். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தது. ஊர்ல எத்தனை வீட்டு லைன்ல மாட்டியிருப்பேன், ஒரு வீட்டு விஷயம் என் காதுல தங்கினது இல்ல. அன்னிக்கு மட்டும் எடுக்கல. கம்பத்து இரும்பு ஈரமா கையில சில்லுன்னு இருந்துச்சு, பெல்ட்டுல சாஞ்சுக்கிட்டுக் கேட்டேன்.

உன் காலேஜ் சிநேகிதிகிட்ட பேசிக்கிட்டு இருந்த. 'எங்கப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுடி. அவர் முகத்தைப் பார்த்தா எப்படிச் சொல்றது? ஆனா அவர் பேசறப்ப எனக்கு பயமா இருக்குடி'ன்ன. முதல்ல சொன்ன அவர் நான். ரெண்டாவது அவர் யாருன்னு எனக்குப் புரிஞ்சுது.

இறங்கி வீட்டுக்கு வந்தேன். நீ டீ போட்டுக் குடுத்த. 'என்னப்பா, லைன் சரியாயிடுச்சா'ன்ன. 'ம்'னேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. எல்லாப் பொண்ணும் இப்படித்தான் பேசும், போகப் போகச் சரியாயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ என்கிட்ட வந்து சொல்லுவன்னு ஒரு வாரம் காத்திருந்த மாதிரியும் ஞாபகம். அது பொய்யா நிஜமான்னு இப்ப எனக்கே தெரியல. நீ சொல்லலையேன்னு நான் எப்படிக் குறை சொல்றது, நான்தான் கேட்டுட்டேனே. கேட்டுட்டு, கேக்காத மாதிரி டீயைக் குடிச்சேன்.

கரிநாள் அன்னிக்கு எதிர்ல உக்காந்து மொச்சை உரிச்சதும் அதே மாதிரிதான்.

இதைப் படிச்சுட்டு என் மேல கோவப்படு. எவ்வளவு நாள் வேணா கோவப்படு. இங்க உக்காந்து கோவப்படு.

உன் ரூம்ல கிடந்த மூட்டையெல்லாம் எடுத்துட்டுச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. உங்கம்மா காரணம் கேக்கல, அவளே ஜன்னல் திரை தைச்சா. எனக்கு பென்ஷன் வருது, கடன் இல்ல. பேரனுக்குப் பதினொண்ணாவது இங்க சேர்க்கறதுக்கு என்ன வேணும்னு சும்மா விசாரிச்சு வெச்சேன். சும்மாதான்.

பதில் எழுத வேண்டாம். போன்லயும் இதைப் பத்திப் பேச வேண்டாம். பரீட்சை ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட், டி.சி., ஆதார், உன் டிகிரி சர்டிபிகேட், பேங்க் புத்தகம் எல்லாத்தையும் ஒரே பைல போட்டு ஆபீஸ்ல உன் டெஸ்க்ல வெச்சுக்க. உங்க பாட்டி குடுத்த காசுமாலை எங்க இருக்குன்னு பார்த்துக்க. வர்றதுக்கு முந்தின நாள் 'மாம்பழம் பழுத்துடுச்சாப்பா'ன்னு ஒரு மெசேஜ் போதும். ரயில்ல வந்தா ஸ்டேஷன்லயும், பஸ்ல வந்தா ராயக்கோட்டை ரோட்டுலயும் நிப்பேன். மணி எதுவா இருந்தாலும் சரி.

அங்க யாராவது எங்க போறன்னு கேட்டா, அப்பாவுக்கு ஹெட்செட் சார்ஜர் ஒயரைக் குடுத்துட்டு வர்றேன்னு சொல்லு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ரோட்டைத் தாண்டறப்ப காதுல எதையும் மாட்டாத. நிஜமாவே அந்த ஒயரையும் கொண்டு வா, உங்கம்மா கிட்ட காட்டணும்.