ரேங்க் போடுற சாமிங்களா, முதல்ல வெறும் தக்காளி பிட்சாவை சாப்பிடுங்க

டாப் 10, டாப் 50, டாப் 100னு வருஷா வருஷம் பிட்சா கடைங்களுக்கு நம்பர் ஒட்டுற எல்லாருக்கும் வணக்கம். யாரோ ஒருத்தரை மனசுல வச்சு எழுதல, பத்திரிகைல எழுதுறவங்க, வீடியோ போடுறவங்க, இத்தாலில உக்காந்துகிட்டு உலகத்துக்கே மார்க் போடுறவங்கன்னு எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த லெட்டர்.

நானும் என் வொய்ஃபும் நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம். ஊர்ல கும்பகோணத்துல ரூம் போட்டு ஒரே நாள்ல ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் பாத்துட்டு வந்த கும்பல் நாங்க, அதனால லிஸ்ட்ன்னு ஒண்ணு கையில கிடைச்சா டிக் அடிக்காம தூக்கம் வராது. நாலு வருஷமா மாசத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது உங்க லிஸ்ட்டைப் பாத்து வண்டி எடுக்குறோம். கார்ல மோர் பாட்டில், மடக்கு நாற்காலி ரெண்டு (க்யூல நிக்க), மிச்சம் வர்ற பிட்சா டப்பாவை வைக்க பின்சீட்டு. முன்சீட்டு ஹீட்டர்ல வச்சா டப்பா சூடா இருக்கும்னு நான் சொன்னேன், அப்ப நான் எங்க உக்கார்றதுன்னு அவ கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். நான் எல்லாம் சாப்பிடுவேன், அவ சுத்த சைவம். நீங்க நம்பர் 1, நம்பர் 2ன்னு போட்டுட்டு கீழ ரெண்டு வரி எழுதுவீங்களே, அந்த ரெண்டு வரில எப்பவும் ஸ்பெஷல் ஐட்டம்தான் வரும். கனெக்டிகட்ல இருக்குற நியூ ஹேவன்னா கிளாம்ங்குற சிப்பி போட்ட பிட்சா, இன்னொரு இடம்னா ஏதோ காரமான சலாமி இறைச்சி மேல தேன் ஊத்துனது. அந்தக் கடையோட மாவு எப்படி, தக்காளி எப்படின்னு ஒரு வார்த்தை இருக்காது. நம்ம ஊர்ல ஒரு ஹோட்டல் நல்லா இருக்கான்னு தெரியணும்னா முந்திரி போட்ட ஸ்பெஷல் சாம்பார் சாதத்தையா சாப்பிட்டுப் பாப்போம், இட்லி ரெண்டு சொல்லி, கடைசில வெறும் ரசத்தை உள்ளங்கைல ஊத்திக் குடிச்சுப் பாப்போம், ரசத்துல யாரும் ஏமாத்த முடியாது.

அதுலயும் சீஸ் மேட்டர் தனி. முதல் வருஷம் அவ சீஸ் போட்ட எல்லாத்தையும் சாப்பிட்டா. அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தி சொல்லித்தான் தெரிஞ்சுது, பார்மிஜானோங்குற இத்தாலி சீஸுக்கு கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் ஊத்தித்தான் பாலைத் திரிய வைக்கணும்னு இத்தாலில ரூலே இருக்கு, பெக்கோரினோ ரொமானோங்குற சீஸுக்கு ஆட்டுக்குட்டி ரென்னட். அமெரிக்கால பண்ற மொஸரெல்லா நிறைய வேற வகை ரென்னட்ல வர்றதால தப்பிச்சுது. அன்னிக்கு ராத்திரி அவ பேசவே இல்ல, மறுநாள் காலைல ஒரு பழைய நோட்டை எடுத்து, இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல சீஸே இல்லாத தக்காளி பிட்சாதான், அதுக்கு மார்க் போட்டுட்டுதான் மத்ததுன்னு எழுதி வச்சுட்டா.

எனக்கு அப்ப கடுப்பாதான் இருந்துச்சு, 110 மைல் ஓட்டிட்டுப் போய் சீஸ் இல்லாத பிட்சாவான்னு. ஆனா அவ பண்ணதுதான் சரின்னு எனக்குப் புரிஞ்சதே நியூ ஹேவன்லதான். ஃப்ராங்க் பெப்பே 1925ல வூஸ்டர் தெருல ஆரம்பிச்ச கடை, அவரோட அக்கா தங்கச்சி யாரோ ஒருத்தர் பையன் சால்வத்தோரே 1938ல அதே தெருல ஆரம்பிச்சதுதான் சாலீஸ், ரெண்டுமே நிலக்கரி அடுப்பு. அந்த ஊர்ல பிட்சாவுக்கு அபீட்ஸ்னு பேரு, இத்தாலில நாப்போலி (நேப்பிள்ஸ்) பக்கத்துப் பேச்சுல இருந்து வந்தது. அங்க ப்ளெய்ன்னு கேட்டா மொஸரெல்லா இருக்காது, தக்காளி, எண்ணெய், மேல துருவுன பெக்கோரினோ கொஞ்சம், அவ்ளோதான். அது வேணும்னா டாப்பிங்கா தனியா சொல்லணும், மட்ஸ்னு. அதாவது அவ நோட்டுல எழுதி வச்ச ரூல் அந்த ஊர்ல நூறு வருஷமா நடப்புல இருக்கு! துருவுன சீஸையும் வேண்டாம்னு சொல்லி வாங்குனோம். அடில கரி மாதிரி கறுப்பு, கடிச்சா முதல்ல மொறுமொறு, உள்ள சவ்வு மாதிரி இழுக்குது, தக்காளி புளிப்பும் இனிப்பும். நான் பக்கத்துல பெப்பேயோட பேரு போன வெள்ளை கிளாம் பிட்சாவைச் சாப்பிட்டுகிட்டு இருந்தேன், நல்லாதான் இருந்துச்சு, பூண்டு தூக்கலா. ஆனா பாதிலயே என் கை அவ தட்டுப் பக்கம் போச்சு, அவ ஒரு அடி போட்டா.

அதே மாதிரி எங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல ராபின்ஸ்வில். எங்க ஸ்டேட் தலைநகர் ட்ரெண்டன்ல இருந்து இடம் மாறுன ரெண்டு பழைய குடும்பக் கடை அங்க இருக்கு, பாப்பாஸ் 1912ல இருந்து நடக்குது, இன்னொண்ணு டி லொரென்ஸோஸ். ட்ரெண்டன்காரங்க இதை டொமேட்டோ பைம்பாங்க, முதல்ல சீஸ் போட்டு அதுக்கு மேலதான் தக்காளியை அங்கங்க வைப்பாங்க, அப்பதான் தக்காளி வெந்து சுண்டி நிக்கும். பாப்பாஸ்ல கடுகு சாஸ் தடவுன பிட்சா ஒண்ணு உண்டு. நம்மாளு எவனாவது கண்டுபிடிச்சிருப்பான்னு நினைச்சேன், இல்ல, அவங்க ஐட்டமேதானாம்.

இப்ப சொல்லுங்க, நிலக்கரில கருக வைக்குற நியூ ஹேவன் பிட்சா, மேல தக்காளி வைக்குற ட்ரெண்டன் பிட்சா, விறகு அடுப்புல 60ல இருந்து 90 செகண்டுக்குள்ள எடுக்குற நாப்போலி பிட்சா, இரும்புத் தட்டுல சதுரமா வர்ற டெட்ராய்ட் பிட்சா, இதை எல்லாம் ஒரே வரிசைல நிக்க வச்சு இவர் 14, அவர் 15னு எப்படிங்க சொல்றீங்க? தோசையையும் ஆப்பத்தையும் ஊத்தப்பத்தையும் ஒரே ரேஸ்ல ஓட விட்ட மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் நடுல உள்ள அந்த ஒரு நம்பர் எதை அளக்குது, நீளத்தையா உப்பையா?

நாப்போலில இருக்குறவங்க இந்த விஷயத்துல கெட்டிக்காரங்க. 1984ல அவங்க ஆரம்பிச்ச சங்கம் அசல் நாப்போலி பிட்சான்னு ரெண்டே ரெண்டைத்தான் வச்சிருக்கு, மரினாரா, மார்கரீட்டா. மரினாராவுல சீஸே கிடையாது, தக்காளி, பூண்டு, ஆரிகனோ, எண்ணெய். மறைச்சு வைக்க எதுவும் இல்லாததால மாவு சரியா புளிக்கலைன்னா முதல் கடிலயே காட்டிக் கொடுத்துடும். உங்கள்ல யாராவது டாப் 20 கடைங்களோட மரினாராவை மட்டும் வரிசையா சாப்பிட்டு லிஸ்ட் போட்டுப் பாருங்களேன், வரிசை தலைகீழா மாறுதா இல்லையான்னு.

மாறாத ஒரு இடத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி வயித்தெரிச்சல்ல எழுதுறான்னு நினைப்பீங்க. ஆண்டனி மான்ஜியேரி 1996ல எங்க ஸ்டேட்ல பாயின்ட் ப்ளெஸன்ட் பீச்ல கடை போட்டு, நியூயார்க் போய், சான் ஃப்ரான்சிஸ்கோ போய், திரும்ப நியூயார்க் வந்தவரு. அவரோட ஊனா பிட்சா நபோலெட்டானாவுக்கு 2024ல இத்தாலிக்காரங்க லிஸ்ட்ல உலகத்துலயே முதல் இடம். அங்க மரினாராவுக்கு அவ நோட்டுல பத்துக்கு ஒன்பதரை. அரை மார்க் ஏன் குறைச்சேன்னு கேட்டேன், பார்க்கிங்காம். ஜெர்சி சிட்டில ராஸ்ஸா, 2017ல நியூயார்க் டைம்ஸ் மூணு ஸ்டார் கொடுத்த கடை, அங்க பிட்சா வர்றதுக்கு முன்னாடி ப்ரெட்டும் வெண்ணெயும் வாங்குங்க, அதைப் பத்தி நான் இங்க எழுத ஆரம்பிச்சா லெட்டர் முடியாது.

இன்னொரு குறை. நம்பர் போடுறீங்க சரி, கடை எந்தக் கிழமை திறக்கும், மாவு தீந்ததும் ஷட்டரை இறக்கிடுவாங்களா, இதையும் ஒரு வரி எழுதக் கூடாதா? உங்கள்ல ஒரு லிஸ்ட்டை நம்பி (பேர் வேண்டாம்) மூணு மணி நேரம் மழைல ஓட்டிப் போனோம், ஆறரைக்கே மாவு தீந்து போச்சுன்னு கதவுல பேப்பர் ஒட்டியிருக்கு. அன்னிக்கு கேஸ் ஸ்டேஷன்ல சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம், அவ ஒண்ணும் சொல்லல, அந்த ஒண்ணும் சொல்லாததுதான் பயமா இருந்துச்சு. கடைக்காரர் மேல தப்பு இல்ல. பிலடெல்ஃபியால ஜோ பெட்டியா ஒரு நாளைக்கு 40 பிட்சாதான் போட்டுகிட்டு இருந்தாரு, போன் கிடையாது, உக்கார இடம் கிடையாது, 2015ல ஒரு பெரிய பத்திரிகை அமெரிக்காவுலயே பெஸ்ட்ன்னு எழுதிடுச்சு. 40 பிட்சாவுக்கு ஒரு நாடே க்யூல நின்னா ஒரு மனுஷன் என்ன பண்ணுவாரு? பேர் வாங்கிக் கொடுக்குற நீங்கதான் வர்ற கூட்டத்துக்கும் நிலவரத்தைச் சொல்லணும்.

பெருசா எதுவும் கேக்கல. ஒவ்வொரு கடைலயும் சீஸ் இல்லாத தக்காளி பிட்சாவை முதல்ல சாப்பிட்டு அதைப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க. மாவு தீர்ற நேரத்தைப் போடுங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு எந்த சீஸ்னு கேட்டு எழுதுங்க, கடைக்காரங்ககிட்ட கேட்டா சொல்லிடறாங்க, நாங்க கேட்ட வரைக்கும் யாரும் மூஞ்சி சுளிச்சதே இல்ல. அடுத்த மாசம் ஃபீனிக்ஸ் போறோம், கிறிஸ் பியான்கோ கடைக்கு, இந்தத் தடவை ஃப்ளைட்ல போய் வாடகைக் கார், மடக்கு நாற்காலியை செக்இன் பண்ணலாமான்னு வீட்டுல பேச்சு ஓடிகிட்டு இருக்கு.

அவளோட நோட்டு வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன், இதுவரைக்கும் 43 கடை இருக்கு, அடி, ஓரம், தக்காளி, நின்ன நேரம், பார்க்கிங்னு கட்டம் போட்டு வச்சிருக்கா. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்ல, அதுல சில கடைக்கு டிக், சில கடைக்கு பெருக்கல் குறி, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா.